பூட்டிய படலைக்குள் ஒரு ஊர்

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடந்து வந்தால் ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடற்காற்றும் நம்மோடு கூடவே வரும். 1924ஆம் ஆண்டு கட்டிய பழைய பாலத்துக்கு அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் துண்டுதான் நமது கல்லடி. இந்த மணலில்தான் நமது வீடும் கிணறும் கோயிலும் இருக்கின்றன, நமது இழப்புகளும் இருக்கின்றன.

அண்மையில் எமது பெண்கள் குழுக் கூட்டத்துக்கு ஒரு சகோதரி பளபளப்பான விளம்பரத்தாள் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். கொழும்புப் பக்கத்து வீட்டுத் திட்டம் ஒன்றின் விளம்பரம் அது. பச்சைப் பசேலென்ற புல்தரை, நடுவே ஒரு பெரிய கிளப் கட்டடம், நீச்சல் தடாகம், சுற்றிவர மதில், வாசலில் காவலாளி.

"இஞ்ச பாருங்க அக்கா, நம்மட ஊருக்கும் இப்பிடி ஒண்டு வந்தா நமக்கும் ஏதாவது வேலை கிடைக்கும்தானே?" என்றார் அவர்.

மூலையில் இருந்த வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "ஓம் புள்ள, வேலை கிடைக்கும். ஆனா கடக்கரைக்குப் போக நமக்கு வழி விடுவாங்களோ?"

இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் பதில் தேடியபோது அறிந்தவற்றைச் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

கிளப்பைச் சுற்றி ஒரு ஊர்

வீடு கட்டி விற்பவர்கள் ஒரு பெரிய நிலப்பரப்பை வாங்கி, அதன் நடுவில் கோல்ஃப் மைதானமும் கிளப்பும் அமைத்து, சுற்றிவர வசதியான வீடுகளைக் கட்டி விற்பார்கள். வீட்டை வாங்குபவர் சுவர்களை மட்டும் வாங்குவதில்லை. அயலில் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்ற உறுதியையும் சேர்த்தே வாங்குகிறார்.

இது அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம். 1886இல் நியூயோர்க்குக்கு வெளியே டக்சீடோ பார்க் என்ற இடத்தில் புகையிலை வியாபாரத்தால் செல்வம் பெருக்கிய பியர் லொறிலார்ட் என்பவர் கிளப்புடன் கூடிய, வேலி அடைத்த ஊர் ஒன்றை அமைத்தார். 1900களின் ஆரம்பத்தில் கன்சாஸ் சிற்றி நகரில் ஜே. சி. நிக்கல்ஸ் என்பவர் 'கன்ட்ரி கிளப் டிஸ்ரிக்ற்' என்ற பெயரிலேயே ஒரு பெரிய குடியிருப்பை உருவாக்கினார். அங்கே காணி உறுதிகளில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டது: கறுப்பின மக்களுக்கு இந்த வீட்டை விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது.

அந்தக் காலத்து இப்படிப்பட்ட உறுதிகள் பலவற்றில் ஒரேயொரு விதிவிலக்கு இருந்தது. கறுப்பினத்தவர் வீட்டு வேலைக்காரராக மட்டும் உள்ளே தங்கலாம். உனது உழைப்பு வேண்டும், உனது அயல் வேண்டாம் என்பதே அதன் பொருள். 1948இல்தான் அமெரிக்க உயர் நீதிமன்றம், இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. 2020இல் கன்சாஸ் சிற்றி நகரம் தனது நீர்த்தாரையிலிருந்தும் வீதியிலிருந்தும் நிக்கல்சின் பெயரை நீக்கியது.

நமது நாட்டிலும் கிளப் புதியதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப்பையும், 1879இல் கொழும்பில் கோல்ஃப் கிளப்பையும் தொடங்கினார்கள். ஹில் கிளப்பில் நீண்ட காலம் உள்நாட்டவர் அங்கத்தவராக முடியாது. பெண்கள் உள்ளே வரத் தனியே ஒரு வாசல். அந்தத் துரைமாரின் தோட்டங்களில் கொழுந்து பறித்த மலையகத் தாய்மார் லயன் அறைகளில் வாழ்ந்தார்கள். புல்தரையும் லயனும் ஒரே மலையில்தான் இருந்தன.

திகனவும் பத்தரமுல்லையும்

கிளப்பைச் சுற்றிய குடியிருப்புக்கு இலங்கையில் தெளிவான உதாரணம் கண்டிக்கு அருகே திகன, இராஜவெல பகுதியில் உள்ள விக்ரோறியா கோல்ஃப் கிளப். விக்ரோறியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1999இல் இது திறக்கப்பட்டது. கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வீடு கட்டுவதற்குக் காணித் துண்டுகளும் விற்கப்பட்டன.

அங்கே வீடு வாங்குபவர் நீர்த்தேக்கத்தின் அழகையும் சேர்த்தே வாங்குகிறார். ஆனால் அந்த நீருக்கு அடியில் என்ன இருக்கிறது? மகாவலித் திட்டத்தில் பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்ட விக்ரோறியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரமும் பல கிராமங்களும் நீரில் மூழ்கின. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும். அந்த அணை நாட்டுக்கு மின்சாரம் தந்தது உண்மை. ஒருவர் இழந்த ஊர் இன்னொருவருக்கு விலை கூடிய காட்சியாக மாறியதும் உண்மை.

இரண்டாவது உதாரணம் வேறு விதமானது. இதில் குடியிருப்பைவிடக் கிளப்பும் காணியும்தான் முக்கியம். 1980களில் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் வெள்ளநீர் தேங்கி நிற்கும் தாழ்நிலங்களை, பொதுத் தேவைக்கு என்று சொல்லி அரசாங்கம் சுவீகரித்தது. பின்னர் அந்தக் காணி தனியார் கொம்பனி ஒன்றின் கைக்குப் போய், 'வோட்டர்ஸ் எட்ஜ்' என்ற கோல்ஃப் கிளப்பாகவும் உல்லாச விடுதியாகவும் மாறியது. பொதுமக்களின் தேவைக்கு என்று எடுத்த காணிக்குள் பொதுமக்கள் நுழைய முடியாத நிலை வந்தது.

சுகதபால மென்டிஸ், ராஜா சேனநாயக்க என்ற இரு பிரசைகள் இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்தார்கள். காணியை இழந்தவர்கள் என்ற முறையில் அல்ல, பொதுநலன் கருதியே வழக்குப் போட்டார்கள். 2008 ஒக்ரோபர் 8ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் ஒரு பெண்: நீதியரசர் ஷிராணி திலகவர்தன. காணியை அரசுக்குத் திருப்பும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவுக்கு 30 இலட்சம் ரூபா செலுத்தும்படி உத்தரவிடப்பட்டது.

அத்தீர்ப்பின் சாரத்தை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசாங்கத்தின் கையில் இருக்கும் காணி ஆட்சியாளரின் சொந்தச் சொத்தல்ல. மக்களின் சார்பில், மக்கள் வைத்த நம்பிக்கையின் பேரில் அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். பொதுத் தேவைக்கு என்று எடுத்ததைத் தனியாரின் இலாபத்துக்குக் கொடுக்க முடியாது.

நமது கரையில் நடந்தவை

இவையெல்லாம் கொழும்பிலும் கண்டியிலும் நடப்பவைதானே, நமக்கென்ன என்று கேட்கலாம். நமது கரையையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நாவலடியைத் துடைத்துச் சென்றது. டச்பாரும் திருச்செந்தூரும் அழிந்தன. உயிர் தப்பியவர்களில் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். 2005இன் தொடக்கத்தில் வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். மீன்பிடிக் குடும்பங்கள் வாடி அடிக்கவும் அஞ்சியிருந்த அந்த நாட்களில், அருகம்குடாவில் பெரும் சுற்றுலாத் திட்டம் ஒன்று வருவதாக அறிந்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்களுக்கு ஆபத்தான கரை உல்லாசப் பயணிக்கு ஆபத்தில்லையா என்பதே அவர்களின் கேள்வி. அந்தத் தடை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கிடையில் பலர் கரையை விட்டுத் தூரப் போய்விட்டார்கள்.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர், நமது மாவட்டத்தின் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழத் தொடங்கின. 2011 தொடக்கம் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. நம் பிள்ளைகள் சிலருக்கு வேலை கிடைத்தது, அதை மறுக்கவில்லை. அதேநேரம் காலங்காலமாகத் தோணி இழுத்த கரையில் மீனவர்கள் ஒரு மூலைக்கு ஒதுங்க நேர்ந்தது.

அம்பாறை மாவட்டத்தின் பாணமையில் 2010 ஜூலையில் ஆயுதம் தாங்கிய கூட்டமொன்று குடிசைகளை எரித்து மக்களை விரட்டியது. அந்தக் காணிகளில் படை முகாமும் உல்லாச விடுதியும் எழுந்தன. தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் ஊர் அது. அங்கே போராட்டத்தின் முன்வரிசையில் பெண்கள் நின்றார்கள். 2015இல் காணியில் ஒரு பகுதியை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. அத்தீர்மானம் தரையில் நடைபெறாதபோது, 2016இல் மக்கள் தாங்களே தங்கள் காணிகளுக்குள் போய் இருந்தார்கள்.

புல்லுக்கும் தண்ணீர் வேண்டும்

கோல்ஃப் என்பது சிறிய பந்தைத் தடியால் அடித்துக் குழியில் விழுத்தும் விளையாட்டு. முழு மைதானத்தில் 18 குழிகள். அதற்குப் பொதுவாக 120 ஏக்கர் அளவிலோ அதற்கு மேலோ நிலம் தேவைப்படும். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 160 பேர்ச். 120 ஏக்கரை 20 பேர்ச் துண்டுகளாகப் பிரித்தால், பாதைகளுக்கான இடத்தைக் கழிக்காமல் பார்த்தால் 960 குடும்பங்கள் குடியிருக்கலாம்.

நிலத்தைப் போலவே தண்ணீரும். வெயில் காலத்தில் அந்தப் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்குப் பல இலட்சம் லீற்றர் தண்ணீர் தேவை. நமது மணல் நிலத்தில் மழைநீர் மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்புநீர் மேலே வரும். சுனாமிக்குப் பின் கிணறு உவர்த்து, குடத்தோடு பவுசருக்குக் காத்து நின்ற சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கிளப் என்றாலும் ஹோட்டல் என்றாலும், ஒரு பெரிய இடம் ஆழமாக இறைத்தால் முதலில் உவர்ப்பது அயல் கிணறுதான். தூரம் நடந்து தண்ணீர் எடுப்பவள் பெண்தான்.

வேலை கிடைக்கும், எந்த வேலை?

கூட்டத்தில் எழுந்த முதல் கேள்விக்கு வருவோம். புல் வெட்டவும், அறை துப்புரவு செய்யவும், சமைக்கவும், பிள்ளை பார்க்கவும் ஆட்கள் வேண்டும். கணவனை இழந்து தனியே குடும்பம் சுமக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் பெரிய விடயம். அதை எவரும் இழிவாகப் பேசக்கூடாது.

ஆனால் படலைக்குள் போகும் வேலை படலையில் முடிந்துபோகும் வேலையாகவும் இருக்கலாம். 2017 ஜூலையில் டில்லிக்கு அருகே நொய்டாவில், மதில் சூழ்ந்த மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை செய்த பெண் இரவு வீடு திரும்பவில்லை. அவரை உள்ளே அடைத்து வைத்ததாக உறவினர் சொன்னார்கள். அவர் பணம் திருடியதாக வீட்டுக்காரர் சொன்னார்கள். வாசலில் பெரும் கலவரம் மூண்டது. அதன் பின்னர் அங்கே வேலை செய்த பல பெண்களுக்கு உள்ளே போகத் தடை விதிக்கப்பட்டது. தகரக் கொட்டிலில் வாழ்ந்த அவர்களுக்கு அந்த வாசல்தான் பிழைப்பு.

ஆகவே வேலை வேண்டாம் என்பதல்ல நமது பேச்சு. சொந்தக் காணியில் இருந்துகொண்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், காணியை விற்றுவிட்டு அதே காணியில் வேலைக்காரியாகப் போகும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வைப்போம். முதலாமவள் சம்பளம் போதாவிட்டால் விட்டுவிட்டு வரலாம். இரண்டாமவள் எங்கே வருவாள்?

காணி யாருடைய பெயரில்?

மட்டக்களப்பில் வீடு பெண்ணின் சொத்து. தாய் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இது நமது பாட்டிமாரின் காலத்திலிருந்து வந்த வழமை. ஆனால் சுனாமிக்குப் பின் புதிய வீடு கொடுத்தபோது 'குடும்பத் தலைவர் யார்' என்று கேட்டார்கள். பல இடங்களில் ஆணின் பெயரை எழுதினார்கள். தாய் தந்த வளவை இழந்த பெண், புதிய வீட்டில் பெயரில்லாதவளாக நின்றாள். பெண்கள் அமைப்புகள் இதற்கெதிராக அப்போதே குரல் கொடுத்தன.

அரச காணிக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் பின்னுரித்தில் ஆண்பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. சட்டம் மாறிவிட்டது. நமது வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் பத்திரம் மாறியதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் காணி எந்த வகை என்று அறிந்து கொள்ளுங்கள். தனியார் காணி என்றால் உறுதி இருக்கும், தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அரச காணி என்றால் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் இருக்கும், அதன் விபரம் பிரதேச செயலகத்தில் இருக்கும். பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறது என்பதையும் கேட்டு அறியுங்கள்.

இரண்டாவது, தரகர் வந்து அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள். பேமிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி விற்க முடியாது. வெற்றுத் தாளிலும், வாசித்து விளங்காத அற்றோணித் தத்துவத்திலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

மூன்றாவது, 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி காணி எடுப்பதாக இருந்தால் அறிவித்தல் தர வேண்டும். 2ஆம் பிரிவு அறிவித்தல், காணி தேவைப்படலாம் என்று சொல்வது. 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனை எழுதலாம். அதிலே குறித்த திகதியை முதலில் பாருங்கள். ஆட்சேபனையைத் தமிழிலேயே எழுதலாம். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். எந்தப் பொதுத் தேவைக்கு என்ற கேள்வி அதில் இருக்கட்டும்.

நான்காவது, ஊரில் என்ன திட்டம் வருகிறது என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கரையோரத்தில் 300 மீற்றருக்குள் கட்டடம் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இருக்கிறதா, கடலுக்கும் வாவிக்கும் போகும் பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதை அடைபட்ட பின் கேட்பதைவிட வேலிக்கட்டை நடும்போது கேட்பது இலகு.

ஐந்தாவது, அரச அதிகாரிகளின் செயலால் உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கடிதம் எழுத இயலாதவருக்கு எழுதிக் கொடுக்க ஒவ்வொரு குழுவிலும் ஒரு சகோதரியாவது இருக்க வேண்டும்.

கல்லடியில் கிளப்பும் புல்தரையும் வருமோ வராதோ நாம் அறியோம். ஆனால் கரை அழகாக இருக்கும் வரை கண் வைப்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வருபவர் எல்லோரும் பகைவரல்ல. அவர்களோடு பேசும்போது நமது கையில் பத்திரமும், பக்கத்தில் நாலு பெண்களும் இருக்க வேண்டும்.

அன்று கூட்டம் முடிந்து கலையும்போது அந்த வயதான அம்மா விளம்பரத்தாளை மடித்து அதன் சொந்தக்காரியிடம் கொடுத்தார். "இதைப் பத்திரமா வை புள்ள. ஆனா இதுக்கு முதல்ல உன்ட காணிக் கடுதாசியைத் தேடி எடு" என்றார்.

சகோதரிகளே, இன்று இரவே பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா?